திருச்சியில் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசனை மையம்: எட்டு மாத அனுபவத்திலிருந்து ஒரு மதிப்புரை

பள்ளியில் பல வாரங்கள் தொடர்ந்து சீண்டலுக்கு ஆளான எங்கள் பதினோரு வயது மகனை, கடந்த ஆகஸ்ட் முதல் இந்த மார்ச் வரை, திருச்சி தில்லைநகரில் இயங்கும் குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை மையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். எட்டு மாதங்களில் மொத்தம் 19 அமர்வுகள்: 13 அவனுக்குத் தனியாக, 4 எனக்கும் என் கணவருக்கும், 2 மூவரும் சேர்ந்து. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதாலும், மகனின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதாலும் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இருந்தாலும், இப்படியொரு சேவையைத் தேடி அலையும் பெற்றோருக்கு அங்கே என்ன நடந்தது, எது பலன் தந்தது, எதில் வருத்தம் என்பது விவரமாகத் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் தேடியபோது அப்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மகனைப் புதிய பள்ளியில் சேர்த்திருந்தோம். ஜூன் மாதக் கடைசியிலிருந்தே அவனுடைய தண்ணீர் பாட்டில், காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே மாலையில் திரும்பி வந்தது. விளையாட்டு மும்முரத்தில் குடிக்க மறந்துவிடுகிறான் என்று நினைத்து அவனைத் திட்டினேன். ஜூலையில் காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்து மருத்துவரிடம் போனபோது, சிறுநீர்த் தொற்று என்று மருந்து எழுதிக்கொண்டே அவர் அவனிடம், "ஸ்கூல்ல பாத்ரூம் போறியாப்பா?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் காத்திருந்தார். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. என் மகனுக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய் உண்டு. வகுப்பில் அவனுக்கு 'ரிப்பீட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் வருகைப் பதிவின்போது அவன் 'பிரசன்ட்' என்று சொல்லத் தொடங்கினாலே பின்வரிசையிலிருந்து 'ப்ப்ப்ப்' என்ற சத்தம் எழும். கழிப்பறைக்குப் போனால் மூன்று பேர் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "கதவைத் தெற" என்று திக்காமல் சொன்னால்தான் விடுவோம் என்பார்கள். கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காக அவன் பல வாரங்களாகப் பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான்.

மையத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், அதற்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் நாங்கள் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும்; ஏனென்றால் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் இந்தச் சேவையின் மதிப்பு எங்களுக்கு விளங்கியது. கேலி, கிண்டல், கலாய்ப்பது, ஓட்டுவது என்று இப்படிச் சீண்டுவதற்கு நம்மிடம் இருக்கும் பேச்சு வழக்குச் சொற்கள் எல்லாமே லேசானவை. 'பசங்கன்னா அப்படித்தான் ஓட்டுவாங்க' என்று சொல்லி முடித்துவிட ஏற்றவை. 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டு, மறு ஆண்டே தமிழ்நாட்டில் பகடிவதைக்கு (ராகிங்) எதிராகத் தனிச் சட்டம் வந்ததால், கல்லூரியில் நடந்தால் அது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதையே பதினோரு வயதுப் பிள்ளைகள் செய்தால் விளையாட்டு என்கிறோம். நானும் முதலில் என் மகனிடம், "நீ ஏன் சும்மா இருந்தே, டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றுதான் கேட்டேன். என் கணவர், "திருப்பி ரெண்டு வை, அடங்கிடுவானுங்க" என்றார். என் மாமியார் அவர் அறிந்த வைத்தியமாக வசம்பைச் சுட்டு உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். மூன்றுமே அன்பில்தான் பிறந்தன. ஆனால் குறை அவனிடம் இருக்கிறது, அவன்தான் மாற வேண்டும் என்பதையே மூன்றும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தன.

பள்ளியில் புகார் சொன்னபோது, நால்வரையும் ஒரே அறைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்க வைத்து, கை குலுக்கச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து கழிப்பறைக் கதவோடு 'கோள்மூட்டி' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அடுத்து, ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமைகளில் நடக்கும் ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்த்தோம். மேடை பயம் போக வேண்டுமென்று முதல் நாளே அவனை முப்பது பேர் முன்னால் நிற்க வைத்துப் பேசச் சொன்னார்கள். அன்றிரவு, பல வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாக, அவன் படுக்கையில் சிறுநீர் கழித்தான். அதைக் கேட்ட குழந்தை மருத்துவர்தான் இந்த மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

முதல் சந்திப்பு ஒன்றரை மணி நேரம் நடந்தது. முதல் அரை மணி நேரம் எங்களிடம் மட்டும் பேசினார்கள். பிறகு மகனை உள்ளே அழைத்து, எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அந்த அறையில் மேசை கிடையாது. தரையில் பாய், மணல் நிரப்பிய ஒரு மரத்தட்டு, அதில் வைத்து விளையாடச் சின்னச் சின்ன வீடுகள், விலங்குகள், மனித உருவங்கள். ஆலோசகர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். அவரை 'அக்கா' என்று கூப்பிடலாமா என்று அவன் கேட்டதாகவும், சரி என்று சொன்னதாகவும் பிறகு எங்களிடம் சொன்னார். அன்று அவர் எங்களிடம் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதலாம். "உங்க பையனுக்கு தைரியம் கம்மின்னு நெனைக்காதீங்கம்மா. அவனுக்குக் காயம் பட்டிருக்கு. கை உடைஞ்சு வந்தா, ஏன் உடைஞ்சேன்னு கேட்க மாட்டோம்ல?" என்றார்.

அதன் பிறகு பொறுமையாக விளக்கினார். நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் 1970-களிலிருந்து செய்த ஆய்வுகளின் வழியாக, சாதாரணச் சண்டையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் மூன்று அடையாளங்கள் உலகெங்கும் ஏற்கப்பட்டிருக்கின்றன: வேண்டுமென்றே நோகடிப்பது, அது திரும்பத் திரும்ப நடப்பது, பாதிக்கப்படும் குழந்தையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதபடி பலம் ஒரு பக்கமே இருப்பது. சமபலம் உள்ள இருவர் சண்டையிட்டால் சமாதானம் செய்து வைக்கலாம். பலம் ஒரு பக்கமே இருக்கும் இடத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கை குலுக்கச் சொன்னால், பலவீனமான குழந்தை இரண்டாம் முறை தோற்கிறது. பள்ளியில் நடந்த சமாதானம் ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றையும் அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மன அதிர்ச்சிக்குப் பிந்தைய நோய் என்று மருத்துவக் கையேடுகளின்படி எழுத வேண்டுமானால், உயிருக்கு ஆபத்து, கடுமையான காயம், பாலியல் வன்முறை போன்ற ஒரு நிகழ்வு இருந்திருக்க வேண்டும். பட்டப்பெயரும் கழிப்பறைக் கதவும் அந்த வரையறைக்குள் சரியாக அடங்காது. எனவே கோப்பில் அந்தப் பெயரை எழுத மாட்டேன் என்றார். ஆனால் கெட்ட கனவு, பள்ளி வேன் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைவது, சும்மா கதவைச் சாத்தினாலே திடுக்கிடுவது, நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவது என்று அவனிடம் கண்ட அறிகுறிகள் அதே வகையைச் சேர்ந்தவை என்பதால், சிகிச்சையையும் அதே வழியில் கொண்டுபோவதாகச் சொன்னார். ஒரு பெரிய பெயரைச் சூட்டி எங்களைப் பயமுறுத்தவும் இல்லை, 'வயசானா சரியாயிடும்' என்று ஆறுதல் சொல்லி அனுப்பவும் இல்லை.

வயதானால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை நான் பிறகு தேடிப் படித்தேன். பிரிட்டனில் 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து வரும் ஓர் ஆய்வு உண்டு. அவர்களில் 7 வயதிலும் 11 வயதிலும் சீண்டலுக்கு ஆளானதாகப் பெற்றோர் சொன்னவர்களை, 50 வயது வரை மற்றவர்களோடு ஒப்பிட்டு லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் நாற்பது ஆண்டுகள் கழித்தும் கூடுதலாகவே இருந்தன. நெருங்கிய உறவுகள் குறைவாகவும் பொருளாதார நிலை தாழ்ந்தும் இருந்தன. குழந்தைப் பருவத் துயரங்கள் உடலையும் மனதையும் எப்படிப் பாதிக்கின்றன என்று 1998-இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, பெரியவர்கள் இழைக்கும் கொடுமைகளையும் வீட்டுக்குள் இருக்கும் சிக்கல்களையும் மட்டுமே கணக்கில் எடுத்தது. சக மாணவர்களால் வரும் கொடுமையை உலக சுகாதார நிறுவனம் பின்னர் தயாரித்த கேள்விப் பட்டியலில்தான் சேர்த்தார்கள். ஆய்வாளர்களே காலம் கடந்துதான் இதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது, எங்கள் அறியாமையைப் பற்றிய குற்ற உணர்வு கொஞ்சம் தணிந்தது.

சிகிச்சை எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். கொடுமை நிற்காமல் காயத்துக்கு மருந்து போட முடியாது என்பதில் ஆலோசகர் உறுதியாக இருந்தார். அதனால் முதல் மூன்று வாரங்களில் அவனை நடந்ததைப் பற்றிப் பேசவே சொல்லவில்லை. மூச்சை மெதுவாக விடுவது, தசைகளை இறுக்கித் தளர்த்துவது, பயம் உடலில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கவனிப்பது என்று உடலைப் பழக்கினார்கள். அதே நேரத்தில் எங்கள் சம்மதத்தோடு பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார்கள். யார் மீதும் பழி சுமத்தாமல், நான்கே நான்கு கோரிக்கைகள் அதில் இருந்தன. வருகைப் பதிவின்போது ஒட்டுமொத்த வகுப்பும் வாயால் சொல்வதற்குப் பதிலாகக் கை உயர்த்தலாம்; இடைவேளைகளில் கழிப்பறைப் பக்கம் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்; இடம் மாற்றுவதானால் சீண்டும் மாணவர்களை மாற்ற வேண்டும், இவனை அல்ல; எப்போது வேண்டுமானாலும் இவன் போய் உட்காரக்கூடிய ஓர் ஆசிரியரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். முதல் கோரிக்கையை நான் மிகவும் நுட்பமானதாக நினைக்கிறேன். அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தால் அதுவே அடுத்த பட்டப்பெயரைப் பெற்றுத் தந்திருக்கும். பள்ளி முதலில் தயங்கியது. ஆலோசகர் நேரில் போய் வகுப்பாசிரியரிடம் அரை மணி நேரம் பேசிய பிறகு நான்கில் மூன்றைச் செய்தார்கள். அந்த நேரடிச் சந்திப்புக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

எட்டு மாதங்களில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது ஆறாவது அமர்வு. வகுப்பு முழுவதும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆலோசகர் ஒரு பெரிய வரைபடத் தாளை விரித்து வகுப்பறையை வரையச் சொன்னார். பெஞ்சுகள், ஜன்னல், கரும்பலகை, மின்விசிறி எல்லாவற்றையும் அவன் வரைந்தான். எந்தெந்த இடத்தில் யார் என்று 38 கட்டங்கள் போட்டான். பிறகு, நேரடியாகச் செய்பவர்களுக்குச் சிவப்பு, சேர்ந்து சிரிப்பவர்களுக்கு மஞ்சள், பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பவர்களுக்குச் சாம்பல், எப்போதாவது அவன் பக்கம் நின்றவர்களுக்குப் பச்சை என்று வண்ணம் தீட்டச் சொன்னார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக யோசித்து யோசித்துத் தீட்டினான். முடிவில் சிவப்பு மூன்று, மஞ்சள் ஏழு, சாம்பல் இருபத்தைந்து, பச்சை இரண்டு. தன் கட்டத்துக்கு எந்த வண்ணமும் கொடுக்காமல் விட்டிருந்தான். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது, வெகுநேரம் பார்த்துவிட்டு, "செவப்பு கம்மியாத்தான் இருக்குக்கா" என்றானாம். அமர்வு முடிந்து எங்களை உள்ளே அழைத்து அந்தத் தாளைக் காட்டினார்கள். எனக்கோ அந்தச் சாம்பல் கட்டங்கள்தான் கண்ணை உறுத்தின. அந்த இருபத்தைந்து பேருக்கும் வீட்டில் என்னைப் போல ஓர் அம்மா இருப்பாள்.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் இருக்கும் ஆய்வையும் ஆலோசகர் சொன்னார். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி 1990-களில், சீண்டல் என்பது இருவருக்கு இடையில் மட்டும் நடப்பதல்ல, தூண்டிவிடுபவர், சிரிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற வருபவர் என்று வகுப்பு முழுவதும் அதில் ஏதோ ஒரு பங்கு வகிக்கிறது என்று காட்டினார். அதன் அடிப்படையில் உருவான 'கிவா' திட்டம் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது; வேடிக்கை பார்ப்பவர்களை அசைப்பதுதான் அதன் முக்கிய வேலை. எங்கள் விஷயத்தில், பச்சைக் கட்டத்தில் இருந்த இருவரில் ஒருவன் வீட்டுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போவான் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. தீபாவளிக்கு அவனை வீட்டுக்கு அழைத்தோம். நவம்பரிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் கழிப்பறைக்குப் போகிறார்கள்.

டிசம்பரில் எழுதும் வேலை தொடங்கியது. நடந்ததை அவனே ஒரு நாற்பது பக்க நோட்டில், வாரத்துக்குக் கொஞ்சமாக எழுத வேண்டும். முதலில் நடந்தவை மட்டும், பிறகு அப்போது மனதில் என்ன ஓடியது, அதற்குப் பிறகு இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று அடுக்கடுக்காக. ஆங்கில வழியில் படிப்பவன் அதைத் தமிழில்தான் எழுதினான். அட்டையில் 'கதவு' என்று தலைப்பு போட்டிருந்தான். மன அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று இந்த முறைக்குப் பெயர். துயர நினைவை அஞ்சி ஒதுக்காமல், பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அணுகப் பழக்குவதும், 'என் மேல்தான் தப்பு' என்பது போன்ற தவறான முடிவுகளைத் திருத்துவதும் இதன் உள்ளடக்கம். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று. ஆலோசனை மையம் தேடுபவர்கள், எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், அதில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா என்று தயங்காமல் கேட்க வேண்டும். எங்களிடம் இவர்கள் தாங்களாகவே சான்றிதழைக் காட்டினார்கள்.

பெற்றோருக்கான அமர்வுகள் இல்லாமல் இருந்திருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். அவன் நோட்டை எங்கள் முன் படித்துக் காட்டும் நாளுக்கு எங்களைத் தயார்ப்படுத்தவே ஓர் அமர்வு முழுவதும் போனது. நடுவில் குறுக்கிடக் கூடாது. திக்கினால் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'அப்பவே சொல்லியிருக்கலாமே' என்ற வாக்கியம் வரவே கூடாது. அழுகை வந்தால் அழலாம், ஆனால் அவன் நம்மைத் தேற்றும்படி ஆகிவிடக் கூடாது. அன்று மூன்றாம் பக்கத்தில் 'கதவு' என்ற சொல்லிலேயே அவன் மாட்டிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. நான் வாயெடுத்தேன்; ஆலோசகர் என் பக்கம் திரும்பாமலேயே கையை லேசாக உயர்த்தினார். அவன் நிறுத்தி, மூச்சை விட்டு, மறுபடி தொடங்கி அந்தச் சொல்லைச் சொல்லி மேலே படித்தான். படித்து முடித்ததும் என் கணவர், "திருப்பி அடின்னு சொன்னது என் தப்புடா தம்பி" என்றார். அது யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல.

திக்குவாயைப் பற்றியும் தெளிவு கிடைத்தது. அது பயத்தாலோ கெட்ட பழக்கத்தாலோ வருவதல்ல. பரம்பரைக் கூறும் மூளையில் பேச்சு உருவாகும் விதமும் சேர்ந்தது. பயம் அதை உண்டாக்குவதில்லை, கூட்டுகிறது. ஆகவே பேச்சுப் பயிற்சியாளரிடம் தனியாக அனுப்பினார்கள், இரண்டு சிகிச்சையையும் குழப்பிக்கொள்ளவில்லை. திக்குவதை நிறுத்துவது எங்கள் இலக்கல்ல என்று அவனிடமே சொன்னது நல்ல முடிவு.

குறைகள் இல்லாமல் இல்லை. ஐந்தாவது மாதத்தில், நோட்டு எழுதும் வேலை பாதியில் இருந்தபோது, ஆலோசகர் இரண்டு வார விடுப்பில் போனார். அதை முந்தைய நாள் குறுஞ்செய்தியில்தான் எங்களுக்குத் தெரிவித்தார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் கோப்பைப் படிக்காமலேயே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால், அவன் அந்த அமர்வு முழுவதும் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நம்பிக்கை உடைந்த ஒரு குழந்தைக்கு இது சின்ன விஷயமல்ல, இப்படிப்பட்ட இடத்தில் நடந்திருக்கவே கூடாது. காத்திருக்கும் கூடம் குறுகலானது. ஒரு மாலை அவனுடைய பள்ளிச் சீருடையிலேயே இன்னொரு மாணவி அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உள்ளே வர மறுத்துவிட்டான். அடுத்தடுத்த அமர்வுகளுக்கு நடுவே கால் மணி நேரம் இடைவெளி விட்டால் இதைத் தவிர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம், இதுவரை மாறவில்லை. மாலை 6 மணிக்கு மேல் நேரம் கிடைப்பது அரிது. படிவங்களும், வீட்டில் செய்ய வேண்டியவை பற்றிய குறிப்புகளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. பகல் முழுவதும் பிள்ளையோடு இருக்கும் பாட்டிக்கு அந்தக் குறிப்புகள்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். நான் ஒவ்வொரு தாளையும் தமிழில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தேன். அதில் 'வசம்பு வேண்டாம்' என்ற வரியை மட்டும் ஆலோசகரையே தொலைபேசியில் அத்தையிடம் சொல்லச் சொன்னேன்.

முதல் சந்திப்புக்கு 1,500 ரூபாய், பிறகு ஒவ்வொரு 50 நிமிட அமர்வுக்கும் 900 ரூபாய் வாங்குகிறார்கள். மொத்தத்தில் எங்களுக்கு 17,700 ரூபாய் ஆனது, பேச்சுப் பயிற்சி தனி. இருவரும் வேலைக்குப் போகும் எங்களாலேயே சில மாதங்களில் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் புறநோயாளியாகப் பார்க்கலாம். பணம் கட்டினால்தான் காயத்தைக் காயம் என்று ஒப்புக்கொள்வார்கள் என்ற நிலை எந்தக் குழந்தைக்கும் இருக்கக் கூடாது.

எங்கள் மகனுக்குத் திக்குவாய் காரணமானது. வேறொரு வீட்டில் நிறமோ உடல் எடையோ இருக்கலாம். நம் மாநிலத்தில் பல பிள்ளைகளுக்குச் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதற்கு முன்னால், அந்த மாணவர் உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்கும் வழிகளைப் பற்றி 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 'பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது' என்பதைச் சோம்பேறித்தனம் என்று எழுதாமல் முதல் அறிகுறியாகக் குறித்துக்கொள்ள இந்த மையத்தின் முதல் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது. சாதி தொடர்பான கேள்வி ஒன்றும் அதில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோர் இருவரும் நேரம் ஒதுக்க முடிந்தால், இந்த மையத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நான்கைந்து சந்திப்புகளில் பிள்ளையை 'சரிசெய்து' கொடுக்கச் சொல்பவர்களுக்கு இது ஏற்ற இடமல்ல. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளையும், உயிரை விட்டுவிடுவேன் என்று பேசும் பிள்ளைகளையும் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இங்கே மருத்துவர் வியாழக்கிழமைகளில் மட்டும்தான் வருகிறார். சீண்டும் பிள்ளைகளுக்கென்று இவர்களிடம் தனித் திட்டம் எதுவும் இல்லை என்பது எனக்கு மிஞ்சியிருக்கும் பெரிய குறை. அந்த மூன்று பேரில் ஒருவனின் தாய் பிப்ரவரியில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, தன் மகனை எங்கே அழைத்துப் போவது என்று கேட்டார். என்னால் 14416 என்ற எண்ணை மட்டுமே சொல்ல முடிந்தது.

மகன் இப்போதும் திக்குகிறான். கெட்ட கனவுகள் குறைந்துவிட்டன, முற்றிலும் போகவில்லை. சில நாட்கள் வயிற்றுவலி என்கிறான். அந்த நாட்களில் அவனை மல்லுக்கட்டி அனுப்புவதில்லை, என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்கிறோம். ஜூனில் ஏழாம் வகுப்பு தொடங்கும்போது ஒரு தொடர் சந்திப்புக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். புதிய வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டிய கடிதத்தை இந்த முறை தமிழிலும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.